கரித்துண்டின் முகவரி

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி இருக்கிறது. அங்கே அகழாய்வுக் குழிகளை எட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். குழியின் பக்கங்கள் சுவர்போலச் செங்குத்தாகச் சீவப்பட்டிருக்கும். அழகுக்காகச் செய்ததன்று அது. மண் அடுக்குகளைப் படிப்பதற்கான பக்கம் அதுதான்.

அந்தப் பக்கத்தைப் படிக்க நம் மாணவர்கள் கற்ற கதை சுவையானது. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டே தட்சசீலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். மறு ஆண்டு, பயிற்சி பெறுவோருடன் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டினார். அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆகவே, தமிழ் மண்ணில் தோண்டிய அம்மாணவர்கள் சட்டப்படி அயல்நாட்டில்தான் இருந்தார்கள்!

அங்கே முக்கியமான பாடம், ஆழம் வேறு, அடுக்கு வேறு என்பது. கீழடியில் கிடைத்த உறைகிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு வெட்டியவர்கள் தமக்கு முந்திய காலத்து மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். பிற்காலத்தில் கிணற்றுக்குள் விழுந்த குடமும், வெளியே அதே ஆழத்தில் கிடக்கும் பழைய ஓடும் ஒரே வயதுடையவை அல்ல. அளவுகோலை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்.

அரிக்கமேட்டில் இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது. அதனால் அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் வயது சொல்ல முடிந்தது.

கீழடியில் அந்த வேலையைச் செய்தது கரித்துண்டு. 2018-இல் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரியை அமெரிக்காவில் மியாமி நகரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று முடிவு வந்தது. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 அணுக்களைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது; மடிந்தபின் வரவு நின்று, செலவு மட்டும் நடக்கிறது. 5,730 ஆண்டுகளில் பாதி மறைந்துவிடும். ஏறத்தாழ 2,600 ஆண்டு வயதுடைய கரியில் 73 சதவீதம் எஞ்சியிருக்கும். (மர வளையங்களைக் கொண்டு செய்யும் திருத்தம் ஒன்று உண்டு, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.)

இப்போது, குழியில் கரணையோடு உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்று வையுங்கள். கரியோடு இன்றைய புல்வேர் சிறிது ஒட்டியிருக்கிறது; ஆய்வகத்தில் கழுவியும் அது முழுதும் போகவில்லை. மாதிரியிலுள்ள கார்பனில் 5 சதவீதம் அந்த வேருடையது என்றால், எஞ்சிய அளவு 73-லிருந்து ஏறத்தாழ 74.4 ஆகத் தெரியும். வயதில் சுமார் 150 ஆண்டு குறைந்துவிடும்! ஒரு வேர் அரச மரபுகளையே இடம் மாற்றிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பையிலுள்ள சீட்டு கழன்றுவிடுவது. குழி எண், அடுக்கு, ஆழம், தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தோண்டிய மண்ணை மறுபடி அடுக்கி வைக்க ஒருவராலும் முடியாது. சீட்டில்லாத கரியை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும், என்றோ மடிந்த ஒரு மரத்தின் வயதுதான் கிடைக்கும். எந்த வீட்டு அடுப்பில் எரிந்தது என்று தெரியாது.

வேரின் பங்கு 10 சதவீதமாக இருந்தால் எத்தனை ஆண்டு குறையும்? லாகரிதம் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 300-க்கு அருகில் விடை வரவேண்டும்.