இங்கே சின்ன ரேடியேட்டர் போதும்

ஹட்டன் பக்கமிருந்து சுமையோடு தலவாக்கலைக்கு வரும் லொறியின் ரேடியேட்டர், எஞ்சினிலிருந்து பல பத்துக் கிலோவாட் வெப்பத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வீடியோ வெட்டவோ விளையாடவோ கட்டிய ஒரு கணினி முழு மூச்சில் ஓடினாலும் வெளியிடுவது சுமார் 320 வாட்தான். செயலிக்கு 120, கிராபிக்ஸ் கார்டுக்கு 200 என்று வையுங்கள். லொறியின் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் அந்தக் கணினியை நீரால் குளிர்விக்கவென்று விற்கும் ரேடியேட்டர், லொறியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கா இருக்கிறது? பத்தில், பன்னிரண்டில் ஒரு பங்காவது இருக்கும்.

ஏன் இவ்வளவு பெரிது? லொறியின் நீர் 90 பாகையில் ஓடுகிறது. வெளிக்காற்று 20 பாகை. இடைவெளி 70. கணினியின் நீரை அந்தச் சூட்டுக்கு விட முடியாது. 60 பாகையைத் தொட்டாலே பம்பும் குழாய்களும் கெடத் தொடங்கும். 40க்குள் வைப்பதே நல்லது. ஆக, வெப்பத்தை வெளியே தள்ளக் கிடைக்கும் இடைவெளி பத்து, இருபது பாகைதான். இடைவெளி சுருங்கினால் பரப்பு பெருக வேண்டும். ரேடியேட்டர் வாங்குவதில் உள்ள கணக்கு முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் உள்ளே வருகிறது. தலவாக்கலை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1382 மீட்டரில். பகலில் அறைக்காற்று 20 பாகை என்று கொள்வோம். அதே நேரம் கொழும்பில், குளிரூட்டி இல்லாத அறையில் 31 இருக்கும். நீர் 40 பாகையைத் தாண்டக்கூடாது என்றால் கொழும்புக்காரருக்குக் கிடைக்கும் இடைவெளி 9, நமக்கு 20. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் பாகம் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. கொழும்பில் பாதி வேலைக்கே திணறும் ரேடியேட்டர் இங்கே முழு வேலையையும் செய்துவிடும்.

மலைக்காற்று மெலிந்ததாயிற்றே என்று கேட்பீர்கள். சரிதான். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 13 சதவீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினால் அதே கனஅளவு காற்றைத்தான் தள்ளும். அந்தக் காற்றின் எடை குறைவு, அது சுமந்துபோகும் வெப்பமும் குறைவு. ஆனால் குளிர்காற்று கொஞ்சம் அடர்ந்தது என்பதால் இழப்பு பத்து சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டு விசிறிகள் சேர்ந்து மணிக்கு 120 கனமீட்டர் காற்றைத் தள்ளினால், 320 வாட் வெப்பம் அந்தக் காற்றைக் கொழும்பில் சுமார் 8 பாகையும் இங்கே 9 பாகையும் சூடேற்றும். ஒரு பாகை நட்டம், பதினொரு பாகை இலாபம்.

பம்பைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 4 லீற்றர் நீர் ஓடினால் அதே 320 வாட் நீரை ஒரு பாகைக்குச் சற்று மேல்தான் சூடாக்கும். சுற்றின் எந்த இடத்தில் தொட்டாலும் நீர் ஏறத்தாழ ஒரே சூடு. தடை முழுவதும் காற்றின் பக்கம்தான்.

காற்றின் பக்கத்தைப் புரிந்துகொள்ள, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியை நினைத்துப் பாருங்கள். அதே விசிறிதான், கொழுந்தை அளவுக்கு மேல் தடிப்பாகப் பரப்பினால் காற்று ஊடுருவாது. ரேடியேட்டரின் தகடுகளும் அப்படியே. அங்குலத்துக்கு இருபதுக்கு மேல் தகடுகளை நெருக்கி வைத்த வகைக்கு வேகமாகச் சுற்றும், இரைச்சல் போடும் விசிறி வேண்டும். பத்துப் பன்னிரண்டு தகடுள்ள வகை மெதுவான விசிறிக்கே வழிவிடும்; தூசு அடைத்தாலும் சுத்தம் செய்வது சுலபம். தடிப்பு விஷயத்திலும் ஏமாற வேண்டாம். 60 மில்லிமீட்டர் ரேடியேட்டரின் பின்பாதிக்குப் போய்ச் சேருவது முன்பாதி சூடாக்கி அனுப்பிய காற்று. 30 மில்லிமீட்டர் போதும்.

நீளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 240 என்பது 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு: 288 சதுர சென்ரிமீட்டர் முகம். 360 என்றால் 432. இடையில் 140 மில்லிமீட்டர் விசிறி இரண்டு கொண்ட 280 இருக்கிறது: 392. ஒரு விசிறி குறைவு, பரப்போ 360ஐ நெருங்கிவிடுகிறது. கேசிங் இடம்கொடுத்தால் என் தெரிவு 280தான். 360க்கு மேல் இந்த ஊரில் யாராவது வாங்கினால் அது அழகுக்கு.

சொல்லப்போனால், செயலிக்கு மட்டும் என்றால் தண்ணீரே வேண்டாம். நல்ல காற்றுக் குளிர்ப்பான் ஒன்று 120 வாட்டை இந்தக் குளிரில் சமாளித்துவிடும். கிராபிக்ஸ் கார்டும் சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்றால்தான் இந்தப் பாடு.

ஜன்னலைச் சாத்தினால் கணக்கு மாறும். ரேடியேட்டர் வெப்பத்தை அழிப்பதில்லை; அறைக்குள் மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். மூடுபனிக்குப் பயந்து இறுக்கிச் சாத்திய லயக் காம்பராவுக்குள் 320 வாட் மணிக்கணக்காக இறங்கினால் அது ஒரு சின்ன ஹீட்டர். கை காய்ச்ச இதமாக இருக்கும். 20 பாகை மட்டும் 20ஆக நிற்காது. ரேடியேட்டரைக் கேசிங்கின் முன்பக்கம் பூட்டி, அறைக்காற்று முதலில் அதற்குள் நுழையும்படி வைத்தால் நல்லது. மேலே வைத்தால் கேசிங்குக்குள் சூடேறிய காற்றே அதற்குக் கிடைக்கும். பனி உள்ளே நீராகத் துளிர்க்குமோ என்ற பயம் வேண்டாம்: ஓடும் கணினியில் சுற்றும் நீர் அறைக்காற்றைவிடக் குளிர்ந்திருக்க வழியே இல்லை.

கடைசியாக, உலோகம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேலைநாட்டு ஆர்வலர்கள் பழைய கார்களின் ஹீட்டரைக் கழற்றிக் கணினிக்குப் பூட்டினார்கள். அவற்றில் பல செம்பும் பித்தளையும், அதனால் தப்பித்தார்கள். இன்றைய வாகனங்களில் வருவது பெரும்பாலும் அலுமினியம். செயலியின் மேல் உட்காரும் பாகம் செம்பு. இரண்டையும் ஒரே நீரில் இணைத்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரையும். கராஜில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குமுன் காந்தத்தை நம்பாதீர்கள், இரண்டுமே ஒட்டாது. ஓரத்தில் சுரண்டி நிறத்தைப் பாருங்கள். ஆற்று நீர், பீலி நீர் ஆகாது. வடித்த நீரும் அரிப்புத் தடுப்பானும் போதும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படியும், ஆனால் வீட்டுக்குள் நீர் உறையாது என்பதால் உறைதடுப்பு நீர்மத்துக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்தபோது தங்கிய பிசுக்கு இருக்கும். பூட்டுமுன் சூடான வடிநீர் ஊற்றி, தெளிவாக வரும்வரை அலசிவிடுங்கள்.