ஓடுகிற மணிக்கூட்டுக்கும் எண்ணெய் வேண்டும்

கனடாவுக்கு வந்த காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வேலையில்லாத நாட்களில் பகல் ஒரு மணிக்குச் சற்று முன்னதாக சிபிசி வானொலியைப் போட்டுவிட்டு, மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். விட்டுவிட்டுச் சில குறுஞ்சத்தங்கள் வரும். பிறகு பத்து விநாடி அமைதி. அதன்பின் ஒரு நீண்ட ஒலி. அந்த ஒலி தொடங்கும் கணம் சரியாக ஒரு மணி. ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றம் தன் அணுக் கடிகாரத்தைக் கொண்டு அனுப்பிய சமிக்ஞை அது. 1939 நவம்பர் 5ஆம் திகதி தொடங்கி, 2023 ஒக்டோபர் 9ஆம் திகதியுடன் நின்றுபோனது. செய்மதியிலும் இணையத்திலும் வானொலி கேட்பவர்களுக்கு அது சில விநாடி பிந்திப் போய்ச் சேருகிறது, அதனால் சரியான நேரம் என்று இனி உறுதி சொல்ல முடியாது என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஒலி நின்ற பிறகு என் மணிக்கூடு பிந்தத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை.

நான் பஸ் சாரதி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஸ்காபரோவில் ஓட்டினேன், அதிகமும் 54ஆம் இலக்க லோறன்ஸ் ஈஸ்ட் பாதையில். 2014இல் மகனும் மகளும் சேர்ந்து எனக்கு ஒரு சுவிஸ் மணிக்கூடு வாங்கித் தந்தார்கள். பற்றரி இல்லாதது, கை அசைய அசையத் தானே முறுக்கேறுவது. விலையைக் கேட்டதும் நெஞ்சு பதறியது. கலியாண வீட்டுக்கு மட்டும் கட்டுவோம், மற்ற நாளில் பெட்டிக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன். மகள் விடவில்லை. "அப்பா, அலுமாரிக்குள்ள வைக்கிறதுக்கு நாங்கள் வாங்கித் தரேல்லை. ஒவ்வொரு நாளும் கட்டுங்கோ," என்றாள். அன்றிலிருந்து கட்டினேன். பனி வழிக்கும்போதும், ஸ்டியரிங் பிடிக்கும்போதும், பேரப்பிள்ளையைக் குளிக்க வார்க்கும்போதும் அது கையிலேயே இருந்தது.

2024 நவம்பர் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு நகர்த்தும் நாள். கைபேசியைப் பார்த்து விநாடி முள் வரை சரி செய்து கட்டினேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் இரண்டரை நிமிடம் பிந்தியிருந்தது. மனைவிக்கு இது புதினமாகத் தெரியவில்லை. "இஞ்சாருங்கோ, ஒரு வருஷமா இது இப்பிடித்தான். கோயிலுக்கு வெளிக்கிடேக்க நான் ஃபோனைப் பாத்துத்தான் வெளிக்கிடுறன்," என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் அப்பா இலங்கையின் வடக்கு ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவருடைய மணிக்கூடு பிந்தி நான் கண்டதில்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வாரம் அதைக் கொண்டுபோய் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு சிறிய கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த திருத்துநரிடம் கொடுப்பார். பழுது என்று ஒன்றும் இருக்காது. "நல்லாத்தானே ஓடுது, ஏனப்பா குடுக்கிறியள்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஓடேக்கதான் தம்பி குடுக்கவேணும்," என்பார். அதைக் கேட்டு வளர்ந்த நான், புதிய காலத்து மணிக்கூடு, விலை கூடியது, இதற்கு ஒன்றும் தேவையில்லை என்று பத்து வருஷம் விட்டுவிட்டேன்.

ரயில்காரருக்கு நேரம் உயிர்ப் பிரச்சினை. நான் வாழும் நகரத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கனடிய ரயில் பாதைகளை அளந்து அமைத்த சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங், 1876இல் அயர்லாந்தில் நேர அட்டவணையின் பிழையால் ஒரு ரயிலைத் தவறவிட்டார். அந்த நாளில் ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து ஒரு நேரம். ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையே இருபது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். உலகம் முழுவதற்கும் ஒரே ஒழுங்கில் நேர வலயங்கள் வேண்டும் என்று அவர் 1879இல் ரொறன்ரோவில், தாமே முன்னின்று தொடங்கிய கனடிய நிறுவனத்தில், எடுத்துரைத்தார். 1883 நவம்பர் 18ஆம் திகதி வட அமெரிக்க ரயில்கள் பொது நேரத்துக்கு மாறின. எட்டு வருஷம் கழித்து, 1891இல், ஒஹாயோ மாநிலத்தின் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஒரு சாரதியின் மணிக்கூடு நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதே காரணம் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் வெப் போல் என்ற நகைக்கடைக்காரர் ரயில் ஊழியரின் மணிக்கூடுகளைப் பரிசோதிக்கும் முறையை ஒழுங்கு செய்தார். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிழை வரக்கூடாது. கனடிய ரயில் நிறுவனங்களும் இப்படிப் பரிசோதகர்களை வைத்திருந்தன. நின்றால் பார்ப்போம் என்று அவர்கள் இருக்கவில்லை. வாரத்துக்கு 30 விநாடி அவர்களுக்கு எல்லை. எனக்கு அதே வாரத்தில் 150 விநாடி போயிருந்தது.

ரொறன்ரோ நகரின் நடுவே, யங் தெருவும் குயின் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நகைத் தொழிலாளர்கள் நிறைந்த கட்டடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் மேல்மாடியிலுள்ள திருத்துநரிடம் என் மணிக்கூட்டைக் கொண்டுபோனேன். அவர் லெபனானிலிருந்து வந்த ஓர் ஆர்மேனியர். மணிக்கூட்டை வாங்கியவர் உடனே திறக்கவில்லை. சாவியை முழுதாக முறுக்கி, ஒரு சிறிய தாங்கியில் வைத்தார். அந்தத் தாங்கிக்குள் ஒலிவாங்கி இருக்கிறது. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல அது மணிக்கூட்டின் துடிப்பைக் கேட்டுத் திரையில் கோடாக எழுதுகிறது. முகம் மேலே, முகம் கீழே, சாவி இடப்பக்கம், சாவி கீழே என்று ஒவ்வொரு நிலையிலும் வைத்துக் கேட்டார். நாளொன்றுக்கு 20 விநாடி அளவில் பிந்துகிறது. அவரை யோசிக்க வைத்தது அதுவல்ல, இன்னோர் எண். 205 என்று காட்டியது.

உள்ளே ஒரு சிறிய சில்லு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்று திரும்பிக்கொண்டே இருக்கிறது. பலன்ஸ் சில்லு என்பார்கள். அதை இழுத்துத் திருப்புவது மயிரிழைபோன்ற ஒரு சுருள் ஸ்பிரிங். முறுக்கு முழுதாக இருக்கும்போது நல்ல மணிக்கூட்டில் அந்தச் சில்லு ஒரு பக்கத்துக்கு 270 பாகைக்கு மேல் வீசவேண்டும். என்னுடையது 205 பாகையில் தள்ளாடியது. ஓடியது உண்மைதான், ஆனால் பலமில்லாமல் ஓடியது. முள்ளைப் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்: பற்றரி மணிக்கூடு பற்றரி தீர்ந்தால் நின்றுவிடும், இதுவோ உள்ளே தேய்ந்துகொண்டே ஓடும்.

ஏன் தேய்கிறது? என் மணிக்கூடு விநாடிக்கு எட்டுத் தரம் துடிக்கிறது. ஒரு நாளைக்கு 6,91,200 துடிப்பு. வருஷத்துக்கு 25 கோடிக்கு மேல். பத்து வருஷத்தில் 250 கோடியைத் தாண்டிவிட்டது. சுழல்கிற அச்சுகளின் நுனி தலைமயிர் பருமன்தான். அவை செயற்கை மாணிக்கக் கல்லில் குடைந்த துளைகளுக்குள் சுழல்கின்றன. 'இத்தனை கல் வைத்தது' என்று மணிக்கூட்டு முகத்தில் எழுதியிருப்பது இந்தக் கற்களைத்தான், அழகுக்கு வைத்தவை அல்ல. உருக்கு நுனிக்கும் கல்லுக்கும் இடையே ஊசி முனையளவு எண்ணெய். அந்த எண்ணெய் காலப்போக்கில் தடிக்கும், இடம் மாறும், காயும். காய்ந்த இடத்தில் உருக்குத் தேய்ந்து வரும் நுண்தூள் மிஞ்சிய எண்ணெயுடன் கலந்து அரைப்புப் பசைபோலாகி அச்சை அறுக்கத் தொடங்கும். எண்ணெய் போட்டிருந்தால் துப்புரவுடன் முடிகிற வேலை, விட்டுவைத்தால் சில்லு மாற்றும் வேலையாகிறது. பயன்படுத்தும் எண்ணெய்கூட ஒன்றல்ல. மெதுவாகப் பாரம் தாங்கும் பெரிய சில்லுகளுக்குத் தடித்தது, வேகமாகச் சுழலும் பலன்ஸ் சில்லுக்கு மெல்லியது, தட்டுப்படும் கல் நுனிகளுக்கு வேறொன்று. கூடப் போட்டாலும் பிழை. வழிந்து ஓடி, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் போய்விடும்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பதற்கு ஒரே பதில் இல்லை. ஐந்து முதல் எட்டு வருஷம் என்று ஒமேகா சொல்கிறது. ஏறத்தாழ பத்து வருஷம் என்று றோலெக்ஸ் சொல்கிறது. ஒவ்வொரு நாளும் கட்டுகிறவர் ஆறாவது வருஷத்திலாவது ஒருமுறை அந்த ஒலிவாங்கித் தாங்கியில் வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பிறகு பின்மூடியைத் திறந்தார். நான் தலைகுனிய வேண்டியிருந்தது இங்கேதான். சாவித் தண்டைச் சுற்றியுள்ள றப்பர் வளையத்தில் வெள்ளையாக உப்புக் காய்ந்திருந்தது. "கடலில் குளித்தீர்களா?" என்று கேட்டார். 2018இல் ஊருக்குப் போனபோது காரைநகர் கசூரினாக் கடற்கரையில் பிள்ளைகளோடு இறங்கினேன். பிறகு நல்ல தண்ணீரில் கழுவவில்லை. திருகி மூடும் சாவியைச் சரியாக இறுக்கியிருந்தேனா என்பதும் நினைவில்லை. நீர் புகாது என்று மூடியில் எழுதியிருப்பது அந்த றப்பர் வளையங்கள் நன்றாக இருக்கும் வரைக்கும்தான். றப்பர் வயதாகிக் காயும். ரொறன்ரோவின் மாரிகாலம் இதை நமக்குச் சொல்லியும் காட்டும்: சூடான வீட்டுக்குள்ளிருந்து கழித்தல் 15 பாகைக் குளிருக்குள் போனதும் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தால், ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே கொண்டுபோகவேண்டும். காய்ந்துவிடும் என்று இருந்தால் துரு பிடிக்கும்.

முழுச் சேவை என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. முள், முகம், சில்லுகள், ஸ்பிரிங்குகள், திருகாணிகள் எல்லாவற்றையும் தனித்தனியே கழற்றுவார்கள். கேளா ஒலி அதிர்வில் கரைசலுக்குள் கழுவுவார்கள். உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வோர் அச்சையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றுவார்கள். பெரிய ஸ்பிரிங்கும் றப்பர் வளையங்களும் புதிதாகப் போடப்படும். மறுபடி பூட்டி, எண்ணெய் இட்டு, அழுத்தத்தில் நீர்ச் சோதனை செய்து, சில நாட்கள் ஓடவிட்டுப் பார்த்தபின்தான் தருவார்கள். ஐந்து வாரம் என்றார். 650 டொலர், அதற்கு மேல் ஒன்ராறியோவின் 13 வீத வரி. 734 டொலர் ஐம்பது சதம். உற்பத்தி நிறுவனத்தின் சேவை நிலையத்தில் ஆயிரத்தை அண்டிய கணக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கொடுத்ததைப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 20 சதம்.

தனியாரிடம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்கவேண்டும்: இந்தக் கொம்பனியின் உதிரிப்பாகம் உங்களுக்கு நேரே கிடைக்குமா? பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பல, தாங்கள் அங்கீகரித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பாகம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. கைதேர்ந்த தொழிலாளிகள் பலர் பாகம் கிடைக்காமல் வேலையைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு வாழ்நாள் முழுக்கக் கற்ற கைக்கு இது செய்கிற அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். என்னுடையவருக்குப் பாகம் கிடைத்தது. மினுக்கிப் புதிதுபோல் ஆக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மினுக்குவது என்றால் உலோகத்தைச் சுரண்டி எடுப்பதுதான். பஸ் கதவில் உரசிய கோடு அதில் இருக்கட்டும்.

அவர் சொன்ன இன்னொன்றும் பலருக்குப் பயன்படும். மணிக்கூடு திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் பயப்படத் தேவையில்லை, காந்தம் பிடித்திருக்கலாம். கைபேசி உறை, ஒலிபெருக்கி, ரப்லெட்டின் மூடி இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் மயிரிழை ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வேலை.

ஜனவரி நடுவில் எடுக்கப் போனேன். திரையில் 285 பாகை, நாளுக்கு மூன்று விநாடி முந்தல். அப்பாவின் மணிக்கூட்டையும் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அவருக்குப் பின் என்னிடம் வந்து, லாச்சிக்குள் ஓடாமல் கிடந்தது. விநாடிக்கு ஐந்து துடிப்பு மட்டும் உள்ள பழைய கைமுறுக்கு. அவர் பின்மூடியைத் திறந்து விளக்குக்குக் கீழே சரித்துக் காட்டினார். உட்பக்கத்தில் ஊசியால் கீறிய சின்னஞ்சிறு எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. 68, 69, 70. ஒரு வருஷமும் விடுபடவில்லை. பத்தொன்பது கீறல்கள். கடைசி 86. அதற்குப் பிறகு கஸ்தூரியார் வீதிக்குப் போகமுடியாத காலம் வந்துவிட்டது.

உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது, ஆனால் அச்சுகளில் தேய்வே இல்லை, இதைப் பார்த்த ஆள் நல்ல தொழிலாளி என்றார். கழுவி எண்ணெய் போட்டால் ஓடும், ஒரு பாகமும் மாற்றத் தேவையில்லை. நீங்களும் ஒரு எண் கீறுவீர்களா என்று கேட்டேன். இப்போது யாரும் கீறுவதில்லை, கணினியில் பதிகிறோம் என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

மார்ச் 8ஆம் திகதி, சனிக்கிழமை, அதைக் கொண்டுவந்தேன். 86க்குக் கீழே 25 என்று இருக்கிறது. அன்றிரவு படுக்குமுன் இரண்டு மணிக்கூடுகளையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தினேன். அப்பாவின் மணிக்கூடு கோடைகால நேரத்தைக் கண்டது அதுவே முதல் தடவை.