கடலைத் தூர்த்த நிலம் கட்டடத்தைத் தாங்குமா?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானை உலுக்கிய நிலநடுக்கத்தின் மையம் உராயாசு நகரிலிருந்து ஏறக்குறைய 400 கி.மீ. தொலைவில் இருந்தது. டோக்கியோ விரிகுடாக் கரையில் உள்ள அந்த ஊரில் வீடுகள் இடிந்து விழவில்லை, அப்படியே சாய்ந்தன. சாலை வெடிப்புகளில் சாம்பல் நிறச் சேறு பொங்கியது. பாதாளச் சாக்கடை மேன்ஹோல்கள் தார்ச்சாலையைப் பிளந்துகொண்டு இடுப்பளவுக்கு எழும்பி நின்றன.

உராயாசுவின் முக்கால் பங்கு நிலம் 1960-களிலிருந்து கடலைத் தூர்த்து உண்டாக்கியது. கடலடி மணலைத் தண்ணீரோடு உறிஞ்சிக் குழாய் வழியே கொட்டினார்கள். அப்படிப் படியும் மணல் இறுகுவதில்லை. கடற்கரையில் அலை நனைத்த மணலில் நின்று கால்களை மாற்றி மாற்றி மிதித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் கூழாகி, பாதம் உள்ளே இறங்கும். நிலம் குலுங்கும்போது நடப்பதும் இதுதான். மணல் நெருங்கப் பார்க்கிறது, நடுவில் இருக்கும் நீருக்கு வெளியேற நேரமில்லை, நீரின் அழுத்தம் ஏறி மணலின் பிடி விட்டுப்போகிறது. கனத்த கட்டடம் அமிழ்கிறது. உள்ளே காலியாக உள்ள மேன்ஹோல் மிதக்கிறது. இதைத்தான் 'மண் நீர்மமாதல்' என்கிறார்கள்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கணிக்க முடியும். நிலத்தில் துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டுக் குழாயை அடிக்கிறார்கள். குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதே 'என்' மதிப்பு. ஐந்தாறு அடியிலேயே இறங்கினால் மணல் தளர்ந்து கிடக்கிறது. ஆழத்துக்கேற்பத் திருத்திய மதிப்பு 30-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பயமில்லை. நிலத்தடி நீர்மட்டம், மணலில் கலந்த வண்டலின் அளவு, எதிர்பார்க்கும் நடுக்கத்தின் வலிமை ஆகியவற்றையும் சேர்த்து, மண்ணின் தாங்குதிறனை அதிர்வின் விசையால் வகுப்பார்கள். விடை 1-க்குக் கீழே போனால் ஆபத்து. சீட், இட்ரிஸ் என்ற இரு பொறியாளர்கள் 1971-இல் வகுத்த முறை இது.

குலுக்கல் எத்தனை நேரம் நீடிக்கும் என்பதையும் பார்த்தாக வேண்டும். உராயாசுவில் அதிர்வு மிகக் கடுமையாக இல்லை; ஆனால் நெடுநேரம் நீடித்தது. மனைக்கு ஒரே ஒரு துளை போட்டுக் கணக்கை முடிப்பதும் போதாது. கொட்டி நிரப்பிய மண் பத்தடிக்கு ஒரு விதமாக இருக்கும்.

அதே ஊரில்தான் டோக்கியோ டிஸ்னிலேண்டும் இருக்கிறது. பூங்கா நிலத்தில் முன்பே மணல் தூண்களை இறக்கி இறுக்கியிருந்தார்கள். அந்த இடம் பெரிய சேதமின்றித் தப்பியது. அப்படி இறுக்காத வாகன நிறுத்துமிடத்தில் சேறு பொங்கியது. தூர்க்காத பழைய ஊர்ப் பகுதியில் நீர்மமாதலே நிகழவில்லை.

கடலோரத்தில் நிரப்பிய நிலத்தில் வீடு வாங்குவோர் பத்திரத்தோடு மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை இடத்தில் துளையிட்டார்கள், நீர்மட்டம் எந்த ஆழத்தில், அடிக்கணக்கு என்ன, மண்ணை இறுக்கினார்களா என்று பாருங்கள். அறிக்கை இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.