மூன்று ஜா, ஒரு சுருள்

லேத் எனும் கடைசல் இயந்திரத்தில், கடையும் பொருளான ஜாப்பைப் பிடிக்கும் கருவி சக்; அதன் தாடைகள்தான் ஜாக்கள். மூன்று ஜா சக்கின் பக்கவாட்டில் உள்ள சதுரத் துளையில் சாவியைச் செருகித் திருப்பினால், மூன்று ஜாக்களும் ஒன்றாக மையத்தை நோக்கி வருகின்றன. சக்கின் உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதன் பின்முகத்தில் சாய்வான பற்கள். சாவி திருப்பும் சிறு பல்சக்கரம் அவற்றில் கோத்துத் தகட்டைச் சுழற்றுகிறது. முன்முகத்தில் கொசுவர்த்தி போல விரியும் சுருள் வரி. ஜாக்களின் அடிப்பற்கள் அந்த வரியில் அமர்ந்திருப்பதால் தகடு சுழல, மூன்றும் சேர்ந்தே நகரும். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் 1840இல் இப்படிப்பட்ட சுருள் சக்குக்குக் காப்புரிமை பெற்றார்.

ஜாக்களில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். சுருள் ஒரு ஜாவிலிருந்து அடுத்ததை எட்டுவதற்குள் வரி இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு விலகிவிடுகிறது. அதற்கேற்ப ஒவ்வொரு ஜாவின் பற்களும் சற்றுத் தள்ளி வெட்டப்பட்டிருக்கும். வரிசை மாற்றிப் போட்டால் மூன்றும் மையத்தில் சேராது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சுருளின் வளைவு மையத்தருகே கூடுதல், விளிம்பில் குறைவு. ஜாவின் பற்கள் இரண்டு இடத்திலும் கச்சிதமாகப் பொருந்த வழியில்லை; குறுகிய தொடுகையில்தான் முழு அழுத்தமும் விழுகிறது, தேய்மானமும் அங்கேதான். அதனால் நல்ல சக்கிலும் ஜாப் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகி ஓடும். ஒரே பிடிப்பில் கடைந்து முடித்தால் கவலையில்லை. கடைந்த பரப்பு லேத்தின் சுழல்தண்டின் மையத்தோடு ஒன்றியே அமையும். கழற்றி மறுபடி பிடிக்கும்போதுதான் பிழை வெளிப்படும். துல்லியம் தேவையென்றால் நாலு ஜா சக்கை மாட்டுவதே சரி. ஒவ்வொரு ஜாவுக்கும் தனித் திருகு. டயல் அளவி வைத்து மையம் பார்க்க நேரமாகும். ஆனால் சதுரக் கட்டையோ கோணல் வார்ப்போ, எதையும் பிடித்துவிடலாம்.

இறுக்கிப் பிடிப்பது எப்போதும் நன்மையல்ல. மெல்லிய வளையத்தை மூன்று ஜா அழுத்தினால் அது லேசாக முக்கோணம் ஆகிறது. அந்த நிலையில் உட்துளையை வட்டமாகக் கடைந்து ஜாவைத் தளர்த்தினால், வளையம் பழைய வடிவுக்குத் திரும்பும், துளை கோணலாகும். இதைத் தவிர்க்க, வளையத்தின் அளவுக்கே கடைந்த மென்ஜாக்கள் (கடினப்படுத்தாத ஜாக்கள்) உதவும்; அவை அழுத்தத்தைச் சுற்றிலும் பரப்புகின்றன.

வேகம் இன்னொரு பகை. சுழலும் ஜாக்கள் வெளியே விலகப் பார்க்கும்; வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்கு. வெளிப்புறம் பிடித்த ஜாப்பின் பிடி அந்த அளவுக்குத் தளரும். சக்கின் உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது இதனால்தான்.

சக்கில் மறந்து விட்ட சாவி, லேத் ஓடத் தொடங்கியதும் பறந்து வந்து ஆளைத் தாக்கும். சில சாவிகளில் ஸ்பிரிங் உண்டு. கையை எடுத்ததும் தானே வெளியே துள்ளிவிடும். புதிதாக வேலை கற்பவர் கையில் கொடுக்க வேண்டியது அந்தச் சாவிதான்.