தேயிலை மலையின் பிள்ளைகள் – 6: நாள் தள்ளிப்போகும் முன்பே

மூணாறு பக்கம் பள்ளிவாசல் எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிற சேதி முதலில் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பிறகு ஆஷா பணியாளருக்கு, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு. அதற்குள் இரண்டு மாதம் ஓடியிருக்கும். சிசுவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகிற நரம்புக் குழாயோ, கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் குழாய் சரியாக மூடாத குழந்தை சில நேரம் முதுகில் நீர்க்கட்டியோடு, கால் அசைக்க முடியாமல் பிறக்கிறது.

இதற்கு ஃபோலிக் அமிலக் குறைவு ஒரு முக்கியக் காரணம். அந்தச் சத்தைத் தேடிய கதை நம் நாட்டுக் கூலிப் பெண்களிடம்தான் தொடங்கியது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். வறிய சாப்பாடே காரணம் என்று கண்டு, ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. ஏற்கெனவே ஒரு கர்ப்பத்தில் நரம்புக் குழாய்க் குறைபாடு கண்ட பெண்கள், அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கினால் அது திரும்ப வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று நிறுவியது.

ஆனால் லயத்தில் பிள்ளை பிளந்த உதட்டோடு பிறந்தால், "கிரகணத்தன்னைக்கு அருவாமனையைத் தொட்டியா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. பழி தாய் தலையில் விழுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் படங்கைக் கட்டி, மழையிலும் சரிவில் நின்று கொழுந்து கிள்ளுகிறவள் அவள். 2015இல் மூணாறில் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தோட்டப் பெண்கள் போராடிச் சாலையில் உட்கார்ந்தபோது நாள் கூலி 232 ரூபாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அதுவும் போச்சு என்றால், எந்தப் பெண் முன்கூட்டிப் போவாள்? கடும் பிறவிக் குறைபாட்டோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் பிறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான் எனக்கு வியப்பளிக்கவில்லை.

எல்லாக் குறைபாட்டையும் மாத்திரை தடுத்துவிடாது. மரபணுவால் வருவது உண்டு. தாய்மாமனைக் கட்டுகிற வழக்கம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்களே, அதன் பிறகு குறைபாட்டோடு பிள்ளை பெற்ற அந்த ஊர்ப் பெண்களுக்கு எந்த மாத்திரை கைகொடுத்திருக்கும்?

தடுக்க முடிந்ததையாவது தடுக்கலாம். பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கிடைக்கிறது. இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் அதில் உண்டு. பத்தாவதோடு நின்று, கல்யாணமாகி, தோட்டத்துக்குப் போகிறவளுக்கு அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அவள் மலையாளம் பேசுவாள்; எழுத்துக் கூட்டி வாசிப்பது தமிழில். புதுப்பெண்களுக்குத் தினசரி ஃபோலிக் அமில மாத்திரையைக் காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற மஸ்டரிலேயே கொடுக்கட்டும். அது எதற்கென்று தமிழில் அச்சடித்த ஒரு தாளும் கூடவே இருக்கட்டும்.