தேயிலை விற்க எடுத்த படம்

காசு தேயிலைப் பிரசார சபையுடையது. கமரா பஸில் ரைட் என்ற இளம் ஆங்கிலேயருடையது. குரலோ கொழும்புக்காரர் லயனல் வென்டுடையது. 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படம் இப்படித்தான் உருவானது. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். அடுத்த ஆண்டே பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது.

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ நாடகம் பார்க்கக் கறுவாத்தோட்டத்துக்குப் போகிறவர்களில் பலருக்கு லயனல் வென்ட் ஓர் அரங்கின் பெயர் மட்டுமே. பியானோக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான அவர், இந்தப் படத்தில் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் இலங்கை பற்றி 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை நிதானமாக வாசிக்கிறார்.

படத்தின் மூன்றாம் பகுதியைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். பின்னணியில் ஒலிப்பதோ சந்தை விலைகளும் வணிகக் கட்டளைகளும், எல்லாம் ஆங்கிலத்தில். தங்கள் கூலியைப் பற்றியோ லயத்தைப் பற்றியோ அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காசு கொடுத்தவர்களையே ரைட் நாசூக்காகக் குத்திக்காட்டினார் என்பார் உண்டு; தீவின் அழகில் மயங்கிவிட்டார் என்பாரும் உண்டு. இரண்டுக்கும் படத்திலேயே சான்று இருக்கிறது.

படம் வெளிவந்த அதே ஆண்டின் கடைசியில் தீவில் மலேரியா தலைவிரித்தாடியது. 1934-35 கொள்ளைநோயில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். 'சோங் ஒஃப் சிலோன்' மட்டும் பார்த்த வெளிநாட்டவர் இந்தத் தீவைச் சொர்க்கம் என்றே நினைத்திருப்பார். மலேரியாவை வென்ற கதையைச் சொல்லும் ஆவணப்படத்தை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1954இல்தான் எடுத்தார். அவர் அப்போது வேலை செய்தது 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவில். அங்கே காசு அரசினுடையது.

பருவநிலை மாற்றம், போர், அகதிகள் என்று உலகப் பிரச்சினைகளெல்லாம் இன்று ஆவணப்படங்களாகக் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. யார் செலவில், யார் குரலில் என்ற கேள்வியை அவற்றிடமும் கேட்கலாம். ஆவணப்படம் பொய் சொல்கிறது என்பதல்ல இதன் பொருள். எதைச் சட்டகத்துக்கு வெளியே விட்டார்கள் என்பதும் ஒரு தகவல்தானே!

நம்மவர் கதைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். 1983 யூலைக் கலவரத்தின்போது ஐந்து வயதுச் சிறுவனாக ரயிலேறி வடக்கே தப்பிப் போனவர் ஜூட் ரட்ணம். பல ஆண்டுகளின் பின் அதே பாதையில் ரயிலேறி 'டீமன்ஸ் இன் பரடைஸ்' படத்தை எடுத்தார். பிரான்ஸும் இலங்கையும் கூட்டாகத் தயாரித்த அது, 2017இல் கான் விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்டது. கலவரத்தோடு நிற்காமல், தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்ற கதையையும் படம் பேசுகிறது. பலரைச் சுட்டது அதுதான். அதே ஆண்டு யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா நிரலில் இருந்த அந்தப் படம், எதிர்ப்பு எழுந்ததும் விலக்கப்பட்டது.