படிக்காமல் போடும் கையெழுத்து

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டின் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் இந்த ஆறு நாட்களும் கிராமசபை கூட வேண்டும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நம் சார்பில் ஒருவரை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கலாம். கிராமசபையில் அது நடக்காது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் உறுப்பினர்கள். அதனால் சபைக்குப் பதவிக்காலமும் கிடையாது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள், சபை கலையவில்லை.

ஆனால் கூட்டம் நடக்கும் லட்சணத்தைப் பாருங்கள். பள்ளி வளாகத்தில் ஒரு சாமியானா, அதன் ஓரத்தில் மேசை, மேசைமேல் வருகைப் பதிவேடு. 3,000-க்கு மேல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊரில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆகவே ஊராட்சிச் செயலருக்கு முதல் கவலை கையெழுத்துதான். நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் பெண்களை வரவழைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது பல ஊர்களில் வழக்கம். கையெழுத்துப் போட்டவர்களில் பலர், வரவு செலவு வாசிக்கும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அதன்பிறகு தீர்மானப் புத்தகத்தில் எதை எழுதினாலும் அது ஊர் சொன்னதுதான். தெருவிளக்குக்கு இவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு இவ்வளவு என்ற கணக்கெல்லாம் உங்கள் ஒப்புதலோடுதான் மேலே போகிறது.

தீர்மானத்தால் என்ன ஆகப்போகிறது என்பவர்கள் அரிட்டாபட்டியை நினைத்துக்கொள்ளலாம். மதுரை மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. அதே மாதக் கிராமசபைகளில் அங்குள்ள ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்றால் அது மிகை. மதுரைக்குத் திரண்ட பேரணியும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்துதான் சாதித்தன. ஆனாலும் பேரணிக்கு முன்பே ஊரின் மறுப்பு எழுத்தில் பதிவாகியிருந்தது.

சுரங்கம் என்றால் ஊரே திரள்கிறது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்று கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்த கூட்டத்தில், கலைவதற்கு முன் தீர்மானங்களை மைக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கை விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுத வையுங்கள். பிறகு நகல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய்.